இங்கிலீஷ் ஒன்னு போதும்னு தீர்மானம் போட்ட நம்ம ஊர் கல்வி நிதி கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் மாமா, பொருளாளர் சித்தப்பா, கமிட்டியில இருக்கிற மத்த பெரியவங்க எல்லாருக்கும்,

போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நீங்க கூடி எழுதுன தீர்மானத்த தம்பி போட்டோ எடுத்து அனுப்பிருந்தான், மூணு வாட்டி படிச்சேன். வெளிநாட்டுல படிக்கிற நம்ம பிள்ளைக இனிமே பாடத்தத் தவிர வேற எந்த மொழி கோர்ஸ்லயும் சேரக்கூடாது, சேந்தா அந்த செமஸ்டருக்குக் கமிட்டிப் பணம் வராது, கிளம்புறதுக்கு முன்னாடி மொழி படிக்கன்னு குடுத்துக்கிட்டிருந்த 15,000 ரூபாயும் ரத்து. காரணம்னு ஒரே ஒரு வரி, "ஏற்கனவே இங்கிலீஷ்னு ஒரு அந்நிய மொழி இருக்கையில ரெண்டாவது எதுக்கு". கீழ 9 கையெழுத்து, அதுல ஒன்னு எங்க பெரியப்பாவோடது.

இத என்னால பேசாம விட ஏலாது. அந்த 15,000த்த வாங்குன மொத ரெண்டு மூணு பேர்ல நானும் ஒருத்தி. அத வாங்கி ஒழுங்கா பயன்படுத்தாம விட்டு அதுக்கான தண்டத்தக் கட்டுனவளும் நான்தான், அதனால இதப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன்.

தீர்மானம் எங்க இருந்து கிளம்புச்சுன்னு எனக்குத் தெரியும். நம்ம தெருப் பையன் ஒருத்தன், பேரு வேணாம், செமஸ்டர் நடுவுல தினமும் காலைல நாலு மணி நேரம் ஜெர்மன் வகுப்புல போய் உக்காந்தான், ரெண்டு பேப்பர் போச்சு, ஆறு மாசம் கூடுதலா ஆயிருச்சு, அந்த ஆறு மாசச் செலவு நம்ம நிதியில இருந்துதான் போச்சு. கோவம் வரத்தான் செய்யும். போட் ஓனருங்க ஒரு நடைக்கு இவ்வளவுன்னு ஒதுக்குனது, வளைகுடாவுல இருக்கிற அண்ணனுங்க மாசாமாசம் அனுப்புனது, தடைக்காலம் 61 நாளும் வருமானமே இல்லாத வீடுகள்லகூட நூறு எரநூறுன்னு போட்ட காசு அது. அந்தக் காசுக்குக் கணக்குக் கேக்குறது தப்பே இல்ல. ஆனா ஒரு பையன் நேரங்கெட்ட நேரத்துல படிச்சதுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பையே நிறுத்துறது, ஒருத்தன் வாடைக் காத்துல வல்லத்தக் கவுத்துட்டான்னு ஊர்ல யாரும் கடலுக்கே போகக்கூடாதுன்னு சொல்ற மாதிரி இருக்கு.

என் கதையச் சொல்றேன். 2023 அக்டோபர்ல நான் ஜெர்மனி வந்தேன், கடல்சார் சுற்றுச்சூழல்ல மாஸ்டர்ஸ், பாடம் பூராவும் இங்கிலீஷ். வர்றதுக்கு முன்னாடி கமிட்டிப் பணத்துல ஆன்லைன்ல ஏ1 படிச்சேன். அதாவது அவங்க மொழித் தெறமைய ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2ன்னு ஆறு படியா வச்சிருக்காங்க, ஏ1ங்கிறது மொத படி, "என் பேரு இது, எனக்கு ரெண்டு தக்காளி குடுங்க" அளவுதான். பரீட்சை எழுத சென்னை மேக்ஸ் முல்லர் பவனுக்குப் போனேன், அப்ப பாம்பன் ரயில் பாலத்த மூடிட்டதால பஸ்ல ராமநாதபுரம் வந்து அங்க ரயில் ஏறுனது, அப்பா ஒரு நாள் தொழில விட்டுட்டு கூட வந்தாக. பாஸ் பண்ணேன். வந்து சேந்த ரெண்டு மாசத்துல அத்தனையும் மறந்துட்டேன். ஏன்னா தேவையே படல, வகுப்புல இங்கிலீஷ், ஹாஸ்டல்ல இங்கிலீஷும் ஹிந்தியும், கடையில எடுத்து வச்சா அவனே ஸ்கேன் பண்ணிக்கிறான். ரெண்டாவது செமஸ்டருக்கு முன்னாடி ஏ2 சேரவா வேணாமான்னு யோசிச்சேன், நீங்க எழுதுன அதே வரியத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், இங்கிலீஷ் இருக்கே அப்புறம் எதுக்குன்னு. சேரல.

அப்புறம் ஹாஸ்டல விட்டு ஒரு சின்ன ஒத்த ரூமுக்கு மாறுனேன். தபால் பெட்டியில ஜெர்மன்ல லெட்டர் வரும். ஒன்னு ரெண்ட போன்ல மொழிபெயர்த்துப் பாத்தேன், ரேடியோ டிவின்னு ஏதோ வந்துச்சு, நம்மகிட்டதான் டிவியே இல்லயேன்னு தூக்கி ஓரமா வச்சிட்டேன். அங்க பொது ரேடியோ டிவிக்குன்னு வீட்டுக்கு வீடு மாசம் 18.36 யூரோ கட்டியே ஆகணும், டிவி இருக்கோ இல்லயோ. 9 மாசத்துக்குச் சேத்து 165 யூரோ சொச்சம், மேல தாமதக் கட்டணம். நம்ம காசுக்கு ஏறக்குறைய 15,000 ரூபாய். நீங்க ரத்து பண்ணுன தொகையும் அதேதான், கவனிச்சிங்களா. தப்பு என்னோடதுதான், லெட்டர் அனுப்புனவன் மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா படிக்கத் தெரிஞ்சிருந்தா மொத லெட்டர்லயே வெளங்கிருக்கும்.

அது காசோட போச்சு, அடுத்தது படிப்பையே தொட்டுச்சு. ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு சின்ன புராஜெக்ட், கடல்ல அறுந்து விட்டுப் போற வலைகளப் பத்தி. பேய் வலைன்னு சொல்றாங்க, யாரும் இழுக்காமலே அது பாட்டுக்கு மீனப் பிடிச்சுக் கொன்னுக்கிட்டே கெடக்கும், நம்ம மன்னார் வளைகுடாவுலயும் பவளப்பாறையில சிக்கிக் கெடக்குறது உங்களுக்குத் தெரியாததா. நானே வலக்கார வீட்டுப் பொண்ணு, இதுக்குன்னே பொறந்தவ மாதிரி கைதூக்குனேன். பால்டிக் கடல் ஓரத்துல ஒரு சின்ன துறைமுகம், காலைல வல்லம் மாதிரி குட்டிப் படகுக வந்து அங்கனயே மீன வித்துட்டுப் போவாங்க. (அந்தக் கடல்ல உப்பு ரொம்பக் கம்மி, மொத நாள் விரல வச்சு நக்கிப் பாத்துட்டு இது கடலா கம்மாயான்னு அப்பாவுக்கு போன் பண்ணேன்.) ஒரு பெரியவரு, எழுபது வயசு இருக்கும், இங்கிலீஷ் நாலு வார்த்தை. நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்னு கேட்டேன், "ஹால்ப் ஆக்ட்"னாரு. ஹால்ப்னா பாதி, ஆக்ட்னா எட்டு, ஆக எட்டரைன்னு நெனச்சு எட்டேகாலுக்கே போய் நின்னேன், படகு கெடக்கு, ஆளக் காணோம், மீனு வித்து முடிச்சு வீட்டுக்குப் போயிட்டாரு. அவங்க கணக்குல அது எட்டுக்குப் பாதி, அதாவது ஏழரை. ஏ1 புத்தகத்துலயே இருக்கிற பாடம், பாஸ் பண்ணிட்டு மறந்தது. நம்ம ஊர்ல ஏழரைன்னாலே ஆகாது, எனக்கு ஜெர்மனியிலயும் அந்த ஏழரை விடல.

மறுவாரம் போனப்ப அவரு மரியாதையா தலைய ஆட்டுனாரு, அவ்வளவுதான். கேள்விய இங்கிலீஷ்ல கேட்டா யெஸ், நோ. அந்த புராஜெக்ட்ல எனக்குக் கிடைச்சது எல்லாமே ஏற்கனவே இங்கிலீஷ்ல எவனோ எழுதி வச்சது.

அதுக்கப்புறம்தான் சேந்தேன். கவனிங்க, செமஸ்டர்ல இல்ல. ஆகஸ்டு செப்டம்பர் லீவுல ஏ2, அடுத்து பிப்ரவரி மார்ச் லீவுல பி1. லீவுன்னு மத்தவங்க பாதிப் பேர் வேலைக்குப் போனாங்க, நான் அந்த ரெண்டு லீவு சம்பாத்தியத்த விட்டேன், அது சின்ன நஷ்டம் இல்ல. பரீட்சை எதுவும் போகல, ஒரு மாசம்கூட கூடுதலா ஆகல.

ஒரு விஷயம் சொல்லணும், ஜெர்மன் கஷ்டம் கஷ்டம்னு பயமுறுத்துறாங்களே, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதுல பாதி ஏற்கனவே தெரியும். வேற்றுமை உருபு ஞாபகம் இருக்கா, ஐ ஆல் கு இன் அது கண்ணுன்னு நம்ம டீச்சர் பிரம்ப வச்சுக்கிட்டு ஒப்பிக்க வச்சது? அவங்களுக்கும் வேற்றுமை இருக்கு, நாலே நாலு. "அவன", "அவனுக்கு" வித்தியாசம் இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டுமே ஒன்னுதான், ஜெர்மன்காரனுக்கு நம்மள மாதிரியே வேற வேற. என் கூடப் படிச்ச அமெரிக்கப் பையன் ஒரு மாசம் தலைய உடைச்சுக்கிட்ட பாடத்த நான் ஒரு சாயங்காலத்துல முடிச்சேன். "ஏன்னா"ன்னு ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா வினைச்சொல் கடைசியில போய் உக்காந்துக்கும், "வைல் இக் மியூட பின்", அதாவது ஏன்னா நான் களைப்பா இருக்கேன், "இருக்கேன்" கடைசியில, அப்படியே நம்ம அடுக்கு. ஆனா ஆண்பால் பெண்பால்லதான் கழுத்த அறுப்பாங்க, கரண்டி ஆம்பள, முள்கரண்டி பொம்பள, கத்தி ரெண்டும் இல்ல. பொண்ணு அஃறிணை. இதுக்கு ஞாயம் கேட்டா அவங்களுக்கே தெரியாது, மனப்பாடம்தான்.

பி1 முடிச்சுட்டு 2025 கோடையில தீசிஸுக்கு அதே துறைமுகம், அதே பெரியவரு. "மொய்ன்"னேன், அந்தப் பக்கத்துல காலைல மத்தியானம் ராத்திரி எல்லாத்துக்கும் அதுதான் வணக்கம். நிமிந்து பாத்தாரு. கீழ கெடந்த மீன்பிடிக் கூட்டக் காட்டி இது "ரொய்செ"தானே, விலாங்குக்கா, எங்க ஊர்லயும் கூடு வைப்போம், பாறை மீனுக்கு, ஆனா எங்க கூடு கம்பியிலயும் மூங்கில்லயும் இருக்கும்னு தப்பும் தவறுமா சொன்னேன். அவ்வளவுதான், மனுஷன் பெட்டியக் கவுத்துப் போட்டு உக்காரச் சொல்லிட்டாரு. ரெண்டரை மணி நேரம் பேசுனாரு. எந்தக் காத்துல வலை நகரும், எங்க பழைய கப்பல் உடைஞ்சு கெடக்கு, அதுல யாரு யாரு வலை மாட்டுச்சு, எந்த வருஷத்துல இருந்து நைலான் வந்துச்சு, மேற்கு பால்டிக்ல ஹெரிங் மீனையும் காட் மீனையும் குறிவச்சுப் பிடிக்கறத 2022ல இருந்து எப்படி நிறுத்திப்புட்டாங்க, சின்னப் படகுக்கு மட்டும் ஹெரிங்ல கொஞ்சம் விலக்கு குடுத்தது எப்படின்னு அத்தனையும். நம்ம தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைன்னு சொன்னதும் 61 நாளா, சும்மா இருக்கிறப்ப என்ன செய்வீங்கன்னு கேட்டாரு, வலை பின்னுவோம், கடன் வாங்குவோம்னேன், சிரிச்சாரு, நாங்களும் அதேதான்னாரு. அவரு சொன்னதுல பாதி அந்த ஊர்ப் பேச்சு, எனக்குப் பிடிபடல, ரெக்கார்ட் பண்ணி கூடப் படிச்ச பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டேன். அவரு கைகாட்டி இன்னும் ஆறு பேர் பேசுனாங்க. என் தீசிஸ்ல இருக்கிற வரைபடம் அந்த ஏழு பேர் வாயில இருந்து வந்தது. இங்கிலீஷ்ல ஒரு புள்ளிகூட வந்திருக்காது.

வேலைக்கும் அப்படியே. படிப்பு முடிஞ்சா வேலை தேட 18 மாசம் விசா குடுப்பான், அதுக்குள்ள கிடைக்கலன்னா மூட்டையக் கட்டணும். என் துறையில நான் பாத்த விளம்பரத்துல முக்காவாசி பி2 கேட்டான், சிலது சி1. இப்ப இருக்கிற வேலைக்கு இன்டர்வியூல மொத அரை மணி நேரம் ஜெர்மன், தெணறுனேன், அதுக்கப்புறம் அவங்களே இங்கிலீஷுக்கு வந்தாங்க. ஆனா அந்த அரை மணி நேரத்துக்குத்தான் வேலை குடுத்தாங்கன்னு பின்னாடி மேனேஜரே சொன்னாரு, முனிசிபாலிட்டி ஆளுகளோட, மீனவர்களோட பேச ஆள் வேணும்னு. ஜெர்மன் யூனிவர்சிட்டியில படிச்சவங்களுக்கு ரெண்டு வருஷம் வேலை பாத்தா நிரந்தரமா தங்குற உரிமை கிடைக்கும், அதுக்கும் பி1 வேணும். சித்தப்பா, பொருளாளர்ங்கிற முறையில உங்களுக்கு ஒரு கேள்வி, நம்ம கமிட்டிக் கடன மூணு வருஷத்துல திருப்பணும்னு பத்திரத்துல எழுதி வாங்குறிங்க, வேலை கிடைக்காத பிள்ளை எங்கிட்டிருந்து கட்டும்? என்னோட மொத தவணை வந்து சேந்துருச்சுன்னு நோட்டுல எழுதிருப்பிங்க, பாருங்க.

இன்னொன்னும் கேக்குறேன் சித்தப்பா, கோவிச்சுக்காதிங்க. நீங்க சவூதியில 11 வருஷம் இருந்தவரு. லாரி ஓட்டப் போன ஆள், அரபி பேசக் கத்துக்கிட்டதாலதான் ஆபீஸ்ல உக்கார வச்சாங்கன்னு எங்க எல்லாருக்கும் நீங்களே எத்தன வாட்டி சொல்லிருக்கிங்க. எங்க தாத்தா தனுஷ்கோடியில ரயில விட்டு எறங்கி தலைமன்னாருக்குக் கப்பல் ஏறி கொழும்புல கடைக்கு நின்னவரு, சிங்களம் பழகுற வரைக்கும் மூட்டை தூக்குனாரு, பழகுனதும் கல்லாப்பெட்டி. 1964 புயலோட அந்தக் கப்பலும் போச்சு, தாத்தாவோட சிங்களம் மட்டும் சாகுற வரைக்கும் இருந்துச்சு, கோவம் வந்தா அதுலதான் திட்டுவாரு. நம்ம ஆளுக எந்தக் கரைக்குப் போனாலும் அந்தக் கரைப் பேச்சக் கத்துக்கிட்டவங்கதான, நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் என்ன புதுச் சட்டம்?

வருஷா வருஷம் ஓரியூருக்கு வண்டி கட்டிப் போறோம். அந்தக் கோயில் அருளானந்தர் லிஸ்பன்ல பொறந்த பாதிரியாரு, 1693ல ஓரியூர்ல வெட்டுப்படுற வரைக்கும் நம்ம சனத்தோட தமிழ்லதான பேசுனாரு. சீகன்பால்கு 1706ல தரங்கம்பாடி வந்து எறங்குன ஜெர்மன் பாதிரியாரு. அன்னைக்கு நம்ம கடற்கரையில போர்ச்சுகீசுதான் இப்பத்த இங்கிலீஷ் மாதிரி, வெள்ளைக்காரனுக்கும் நம்மாளுக்கும் நடுவுல அது ஓடுச்சு. அவரும் அதப் படிச்சாரு. ஆனா அதோட நிக்கல, பள்ளிக்கூடப் பிள்ளைகளோட மணல்ல உக்காந்து எழுதிப் பழகித் தமிழ் படிச்சு, பத்து வருஷத்துக்குள்ள புதிய ஏற்பாட்டத் தமிழ்ல அச்சடிச்சுட்டாரு. போர்ச்சுகீசு ஒன்னு போதும்னு அன்னைக்கு யாராவது தீர்மானம் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?

ஆனா எல்லாரும் படிச்சே ஆகணும்னு நான் சொல்லல. நெதர்லாந்துல இருக்கிற எங்க சித்தி மகன் சாப்ட்வேர், டச்சுல "நன்றி" மட்டும் தெரியும், ஜாலியா இருக்கான், அவனுக்கு அது சரி. படிச்சு முடிச்ச மறுநாளே ஊருக்குத் திரும்பப் போறேங்கிற பிள்ளைக்கு பி1 வரை இழுக்கிறது வீண் பாரம். தீசிஸ் கழுத்துல இருக்கிற நேரத்துல எந்தப் பிள்ளையும் மொழி வகுப்புப் பக்கம் போகவே கூடாது. ஒரு செமஸ்டர்னா 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25ல இருந்து 30 மணி நேர உழைப்புன்னு கணக்கு, அதுக்கு மேல பி1க்குன்னு பாத்தா மொத்தமா 350ல இருந்து 650 வகுப்பு வரை போகும், தலா 45 நிமிஷம். ரெண்டையும் ஒரே நேரத்துல தூக்குனா முதுகு போயிரும், அந்தப் பையனுக்கு நடந்தது அதான். அதனாலதான் சொல்றேன், மொழி படிக்க வேண்டிய நல்ல நேரம் ஊர்ல இருக்கிறப்பதான். விசாவுக்கும் சான்றிதழுக்கும் காத்துக் கெடக்குற அந்த ஆறேழு மாசம் பிள்ளைக போன நோண்டிக்கிட்டு இருக்கு. நீங்க அந்த நேரத்துக்கான காசையே வெட்டிப்புட்டிங்க, அதாவது சரியான நேரத்துல படிக்கிற வழிய அடைச்சுட்டு தப்பான நேரத்துல படிச்சவனத் திட்டுறிங்க.

இந்த அக்டோபர்ல ஒரு பொண்ணு கிளம்புது, மேலத்தெரு. போன வாரம் ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணி அழுகுது, அக்கா நான் ஏ2 பாதியில இருக்கேன், விட்டுரவா, கமிட்டியில பணம் நிறுத்திருவாகளான்னு. விசாவுக்காக பேங்குல முடக்கி வைக்க வேண்டிய பணம் என் காலத்துல 11,208 யூரோ, 2024 செப்டம்பர்ல அத 11,904 ஆக்கிட்டான், நம்ம காசுக்கு 11 லட்சத்துக்கு மேல. அம்புட்டுப் புரட்டிட்டு 15,000த்துக்காக அந்தப் பொண்ணு பாதியில நிக்கணுமா?

நான் கேக்குறது இதுதான். தீர்மானத்துல "எந்த மொழி கோர்ஸ்லயும் சேரக்கூடாது"ங்கிற வரிய அடுத்த கூட்டத்துலயே எடுத்துருங்க. அதுக்குப் பதிலா "செமஸ்டர் வகுப்பு நடக்குறப்ப முழுநேர மொழி கோர்ஸ் வேணாம், லீவுல படிக்கலாம்"னு எழுதுங்க, அதுக்கு நானே மொத ஆளா கையெழுத்துப் போடுறேன். 15,000த்த திரும்பக் குடுங்க, ஆனா என்கிட்ட விட்ட மாதிரி விடாதிங்க, ஏ1 சான்றிதழ் காட்டுனதும் பாதி, ஏ2 காட்டுனதும் மீதின்னு பிரிச்சுக் குடுங்க. படிக்கிறதா வேணாமாங்கிறத பிள்ளை முடிவு பண்ணட்டும், எந்தத் துறை, எங்க வேலை பாக்கப் போறேன், திரும்பி வரப் போறேனா இல்லையான்னு ஒரு பக்கம் எழுதி உங்ககிட்டக் குடுக்கச் சொல்லுங்க, அதப் படிச்சுட்டு கேள்வி கேளுங்க. ஆறு மாசம் கூடுதலா ஆன பையனுக்கு இப்ப நிறுத்தி வச்சிருக்கிற பணத்தக் கடனா மாத்திக் குடுங்க, அவன் இப்ப பி2 படிக்கிறான், கட்டிருவான். மேலத்தெருப் பொண்ணுக்கு இந்த வாரமே யாராவது ஒருத்தர் வீட்டுக்குப் போய், நீ பாட்டுக்குப் படிம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

பெண் பிள்ளைகளுக்கு ஏ1 ஏ2 சொல்லிக் குடுக்க நான் சனி ஞாயிறு ஒரு மணி நேரம் ஆன்லைன்ல வர்றேன், காசு வேணாம், ஆம்பளப் பயலுகளும் வரட்டும், வீட்டுப்பாடம் எழுதாதவன மட்டும் வெளிய அனுப்பிருவேன். அடுத்த கூட்டம் எப்பன்னு தம்பிகிட்ட சொல்லி அனுப்புங்க, வீடியோ கால்ல நானும் உக்காருறேன். உங்களுக்கு சாயங்காலம் ஏழு மணின்னா எனக்கு மத்தியானம் மூன்றரை, முன்கூட்டியே சொன்னா லீவு சொல்லிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க நோட்டுல தவணை கட்டுனவங்க பக்கத்துல பேர் இருக்கிற பொண்ணு